சுகுணா எழுதிய இரண்டாம் வரி

சுகுணா எத்தனை முறை தப்பாகச் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் சாலையில் அவளுடைய தீவனக்கடை இருக்கிறது. ஷட்டருக்கு இடப்பக்கம் ஆள் உயரத் தகரப் பலகை ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். போய் எண்ணிக்கொள்ளலாம்.

முன்பு அது ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியின் விளம்பரப் பலகை. சிரிக்கும் பசுமாடு ஒன்று அதில் இருந்தது. சுகுணா அதைத் திருப்பிப் போட்டு, முதுகில் கறுப்புப் பெயின்ட் அடித்து, மூன்று கட்டம் பிரித்தாள். ‘சொன்னது’, ‘காரணம்’, ‘நடந்தது’. ஒவ்வோர் ஆவணியிலும், கரிசல்காட்டுச் சம்சாரிகள் விதைக்கு அலையத் தொடங்கும் நேரத்தில், மக்காச்சோளமும் உளுந்தும் தையில் என்ன விலைக்குப் போகும் என்று முதல் கட்டத்தில் எழுதுவாள். ஏன் அப்படி நினைக்கிறாள் என்பதை இரண்டாவதில் எழுதுவாள். தை முடியும்போது மூன்றாவது கட்டத்தில் உண்மை விலை ஏறும். தப்பென்றால் பக்கத்தில் ‘தப்பு’ என்றே எழுதுவாள். சாக்பீஸில் அல்ல, வெள்ளைப் பெயின்டில்.

அவள் கணவன் பூவனநாதனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. கடையில் மூட்டை தூக்குவது, எக்ஸெல் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது, பாக்கி நேரம் தராசடியில் உட்காருவது அவன் பாடு.

“கடைக்கு வாற ஆளெல்லாம் நம்ம தப்பைப் படிச்சிட்டுப் போகணுமாக்கும்?” என்று கேட்டான்.

“படிக்கட்டுமே. தப்பை மறைச்சவ சொல்லுத சரிய எவன் நம்புவான்?”

பலகைக்கு இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். ஒரு விளைச்சலுக்கு ஒரு வரிதான். எழுதிய பிறகு தை வரை அதைத் தொடக் கூடாது. நாளுக்கொரு விலை சொல்லவும், காலையில் சொன்னதைச் சாயங்காலம் மாற்றவும் சந்தையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியாக அவளுக்கு விருப்பமில்லை.

சுகுணா பிறந்தது கயத்தாறில். அவளுடைய அப்பாவுக்கு நெடுஞ்சாலையோரம் டீக்கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கிளாஸ் கழுவிய வயதிலேயே லாரிக்காரர்களின் பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, எந்த மில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்பதெல்லாம் அவளுக்குக் கதை மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். கல்யாணமாகித் தீவனக்கடைக்கு வந்தபோது அந்தக் கதைகளுக்கு ஒரு பிரயோஜனம் இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

அவளுடைய போனில் இருபத்து மூன்று லாரி டிரைவர்களின் எண்கள் இருந்தன. பெயரோடு அவர்கள் ஏற்றும் சரக்கையும் சேர்த்துப் பதிந்திருப்பாள். ‘மாரிசெல்வம் பிண்ணாக்கு’, ‘இசக்கிதுரை முட்டை’. விலை என்ன என்று அவர்களிடம் அவள் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: “ஏத்துறதுக்கு எத்தன நாளு காத்துக் கெடந்தீக?” மூன்று நாள் காத்துக் கிடந்தால் மில்லில் சரக்கு இல்லை. போனதும் ஏற்றிவிட்டார்கள் என்றால் விற்க முடியாமல் கிடக்கிறது. நாமக்கல் முட்டை விலை, தூத்துக்குடித் துறைமுகத்தில் என்ன கப்பல் நிற்கிறது, பிரேசிலில் மழை உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வேளாண் பல்கலைக்கழகக்காரர்கள் வெளியிடும் விலைக் கணிப்பையும் வாசிப்பாள். வாசித்து, தன் கணக்கோடு ஒத்துப் போகாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள்.

அந்தக் கணக்கின் நடு அச்சு சோயா. இந்தப் பக்கம் யாரும் விதைக்காத பயிர்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்க வரும் மாயகிருஷ்ணன் ஒருமுறை இதைக் கேட்டுச் சிரித்தார். அறுபது வயதை நெருங்கிய சம்சாரி, ஆறு ஏக்கர் மானாவாரி.

“ஏந் தங்கச்சி, எங்காட்டு மக்காவுக்குப் போயி எதுக்குச் சோயாக் கதை? நாங்க அதைக் கண்ணால கண்டதில்லையே.”

“நீங்க காண வேண்டாம்ண்ணே, நாமக்கல் கோழி கண்டிருக்கு. அது தட்டுல முக்கியமா ரெண்டு அயிட்டந்தான், உங்க மக்காவும் சோயாப் பிண்ணாக்கும். சீனாக்காரன் பன்னிக்கும் அதே சாப்பாடு. உலகம் பூரா கறி திங்கிறது கூடக்கூட சோயாவுக்குப் போட்டியும் கூடுது. சோயா ரொம்ப ஏறிட்டா நம்ம பண்ணைக்காரன் குஞ்சு விடுததைக் குறைச்சிருவான். குஞ்சு குறைஞ்சா உங்க மக்காவ யாரு திம்பா?”

“அப்பம் பிரேசில்ல மழை பெய்யணும்னு எங்கூரு அம்மனுக்கு நேந்துக்கிடவா?”

“நேந்துக்கிடுங்க. கூடவே நம்ம ஊருக்கும் ரெண்டு மழை சேத்துக் கேளுங்க.”

இப்படியாகப் பத்து வருஷம் ஓடியது. பலகையில் இருபது வரிகள். ஆறு தப்பு. பலகையைப் பார்த்துவிட்டு விதைக் கடைக்குப் போகும் சம்சாரிகள் வருஷத்துக்கு வருஷம் கூடினார்கள்.

பதினோராம் வருஷம் சோயா பேய் பிடித்தாற்போல் ஏறியது. சித்திரையில் கிலோ நாற்பது சொச்சத்துக்கு விற்ற பிண்ணாக்கு ஆடியில் தொண்ணூறைத் தாண்டியது. மாடு வைத்திருப்பவர்கள் கடை வாசலில் நின்று பெருமூச்சு விட்டார்கள். எப்போது இறங்கும், வாங்கி வைக்கலாமா, பொறுக்கலாமா என்று தினமும் கேள்வி. கடைசியில் சுகுணா பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

“நம்ம ஊருல விளையாததுக்கு எதுக்குட்டி வரி?” என்றான் பூவனநாதன்.

“மாடு திங்குதுல்லா.”

எழுதினாள்: ‘சோயா – தை முடிய இறங்காது. காரணம்: உலகத் தேவை, மில்லில் சரக்கு இல்லை.’

ஆவணியில் மாயகிருஷ்ணன் வந்தபோது முகமெல்லாம் பல். “ஒங்க பலகையைப் பாத்துட்டுத்தான் தங்கச்சி. வடக்கயிருந்து வந்த விதை. எனக்கு ஆறு ஏக்கருக்கும் எடுத்துட்டேன். ஜெயபாண்டி நாலு ஏக்கருக்கு. எங்கூருல மொத்தம் ஒம்போது வீடு. இந்த வருஷம் சோயாதான்.”

சுகுணா அன்று சாப்பாட்டில் சரியாகக் கை வைக்கவில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்காக எழுதிய வரி, விதைப்பவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது. வரி சரியாக இருந்தால் அவர்களுக்கு யோகம். தப்பாகப் போனால் ஒன்பது வீட்டின் வருஷம். மானாவாரிக் கரிசலில் வருஷத்துக்கு ஒரே விளைச்சல். மழைக்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது.

புரட்டாசி பிறந்து ஒரு வாரத்தில் மாரிசெல்வம் போன் செய்தான். அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“காக்கவே இல்லக்கா. போனதும் ஏத்திவிட்டுட்டான். இன்னும் ரெண்டு லோடு எடுத்துட்டுப் போன்னு கெஞ்சுதான். புதுச் சோயா வந்து எறங்குது, வெளிநாட்டுப் பிண்ணாக்கும் கப்பல்ல வருதாம்.”

அவள் போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்தில் விலை கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் சரிந்தது. அடுத்த வாரம் இன்னும் பத்து.

“இந்த வரி செத்துப் போச்சு” என்றாள்.

“தை வரைக்கும் பொழுது கெடக்கே. மறுபடி ஏறுனாலும் ஏறும். பேசாம இரு” என்றான் பூவனநாதன். அவனுக்குப் பலகையின் மீது இப்போது பாசம் வந்திருந்தது. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

“ஏறலாம். ஆனா அவிய விதைக்கது இந்த வாரம்லா.”

“வரிய மாத்துனா, நீயும் மத்தவிய மாதிரிதான்னு ஆயிரும். பத்து வருஷப் பேரு.”

“பேரைப் பலகையிலதான எழுதிருக்கேன். அவிய காட்டுல எழுதலியே.”

சோயா வரியை அவள் அழிக்கவில்லை. அதன் கீழே இரண்டாவது வரி எழுதினாள்: ‘மேலே எழுதியதை இன்றைக்கு நம்பவில்லை. தையில் விலை இன்றைக்கு விற்பதைவிடக் குறைவாக இருக்கும். புரட்டாசி 21.’ பலகையின் வரலாற்றில் அப்படி ஒரு வரி அதுவரை கிடையாது. பெயின்ட் காயும்வரை காத்திருந்துவிட்டு, “எடுங்க, கட்டுங்க வண்டியில” என்றாள்.

“பலகையையா? போன்ல சொன்னாப் போதாதா?”

“பலகையைப் பாத்துத்தான வாங்குனாவ. பலகையே போயிச் சொல்லட்டும்.”

எக்ஸெல்லின் பக்கவாட்டில் ஆள் உயரத் தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டி, பின்னால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார, முப்பது கிலோமீட்டர். எதிர்க்காற்றில் பலகை பாய்மரம்போல் இழுத்தது. வழியெல்லாம் சிரிக்கும் பசுமாடு வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது. ஊர்ப்பெயர்ப் பலகையைக் கண்டதும் சுகுணா பின்னாலிருந்து சொன்னாள், “தோத்தவ போற ஊரப் பாருங்க, எப்போதும்வென்றான்.” பயத்தில் இருந்த பூவனநாதனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாயகிருஷ்ணனின் வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் பலகையைச் சாய்த்து வைத்தார்கள். ஒன்பது வீட்டு ஆட்களும் கூடினார்கள். சுகுணா சுற்றி வளைக்கவில்லை. விலை இறங்கிவிட்டது, தன் கணக்குத் தப்பு, விதைக்க வேண்டாம் என்றாள்.

ஜெயபாண்டிதான் முன்னால் வந்தான். நாற்பது வயது, வாய்த் துடுக்குக்குப் பேர் போனவன்.

“ஏங்க்கா, ஆடியில எறங்காதுன்னிய, பொரட்டாசியில எறங்கும்ங்கிய. கார்த்தியில என்ன சொல்லுவிய? நாங்க வெளைய வச்சா ஒங்க பிண்ணாக்கு யாவாரம் படுத்துரும்னு எவனும் சொல்லிக்குடுத்தானா?”

“ஏலே!” என்று பூவனநாதன் பாய்ந்தான். சுகுணா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ கேக்கது நியாயந்தான். நானா இருந்தாலும் கேப்பேன்” என்றாள். “அதுக்குத்தான் மொத வரிய அழிக்காமக் கொண்டாந்திருக்கேன். ரெண்டையும் பாரு. எதை நம்புதன்னு நீயே சொல்லு.”

“நாங்க மொத வரியத்தான் நம்புதோம். அதுக்குத்தான துட்டுப் போட்டோம்.”

சுகுணா தண்ணீர் கேட்டாள். மாயகிருஷ்ணனின் மனைவி ஜானகியம்மாள் செம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விருந்தாளியின் முகம் வாடியிருப்பது பொறுக்காமல், “வாங்க மதினி, விதையப் பாருங்க. கல்லு மாதிரிக் காயவச்சு வச்சிருக்கேன். ஒரு வண்டு அண்டாது” என்று வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

மூட்டையைப் பிரித்ததும் சிவப்பாக இருந்தது. துவரை விதைக்குச் செய்வதுபோல் செய்திருந்தாள். அந்த ஊரில் துவரை விதையைச் செம்மண் கரைசலில் புரட்டி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, மறுநாள் வெயிலில் காயப்போட்டுத்தான் அடைப்பார்கள். கரிசலில் செம்மண் கிடையாது. அதற்கென்றே வண்டி பிடித்துக் கொண்டுவந்து வீட்டுக்கு ஒரு குவியல் வைத்திருப்பார்கள். அப்படிக் கட்டிய துவரை அடுத்த மழைவரை பூச்சி தொடாமல் கிடக்கும். ஊருக்குள் சோயா முதன்முதலாக வந்ததும், ஒன்பது வீட்டுப் பெண்களும் அதற்கு அதே மரியாதையைச் செய்துவிட்டார்கள்.

சுகுணா மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். புடவைத் தலைப்பில் தேய்த்து மண்ணைப் போக்கினாள். நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனிபோல் தோல் சுருங்கியிருந்தது. நகத்தால் நெருடினாள். தோல் கழன்று, பருப்பு இரண்டாகப் பிளந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பிளந்தது.

“மதினி, எனக்கு விதை தெரியாது. பருப்புத் தெரியும். இது பருப்பாயிருச்சு” என்றாள் மெதுவாக.

ஜானகியம்மாள் நம்பவில்லை. “துவரைக்கு இப்படித்தான செய்யுதோம். எங்க அத்தை காலத்துலருந்து.”

“துவரைக்குத் தோலு கெட்டி. இதுக்குத் தோலு பாப்பாவுக்கு இருக்க மாதிரி. ஈரம் பட்டு ஊதி, வெயில்ல சுருங்கி, பிஞ்சிருக்கு. நாஞ் சொல்லுததும் தப்பா இருக்கலாம். நூறு எண்ணுங்க. ஈரச் சாக்குல சுத்தி வைங்க. நாலா நாளு வாரேன்.”

களத்துக்கு வந்து அதையே எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஜெயபாண்டி சிரித்தான். “வெலைக்கு ஒரு ஜோசியம் சொல்லியாச்சு, இப்பம் முளைக்கும் ஜோசியமா?”

“இதுக்கு ஜோசியம் வேண்டாம், ஜெயபாண்டி. ஒங்கிட்டக் கோணிச் சாக்கு இருக்கா இல்லியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் காரியம் நடந்தது. வீட்டுக்கு நூறு விதை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார்கள்.

நாலாம் நாள் சுகுணாவும் பூவனநாதனும் போனபோது களத்தில் ஒன்பது சாக்குகள் விரித்துக் கிடந்தன. மாயகிருஷ்ணனின் சாக்கில் முளைத்தவை பதினெட்டு. பாக்கியெல்லாம் கூழாகி, நாற்றம் எடுத்திருந்தன. ஜெயபாண்டியின் சாக்கில் பதினொன்று. அவன் மூன்று முறை எண்ணினான். பிறகு குத்துக்காலிட்டபடியே தலையை நிமிர்த்தாமல் கேட்டான், “உளுந்து விதை எங்கக்கா நல்லதாக் கெடைக்கும்?”

ஜானகியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். “அய்யோ தேவுடா, நானே எங்கையால அவிச்ச மாதிரி ஆக்கிட்டனே.”

“அவிக்கலை மதினி. இனிமேத்தான் அவிக்கணும்” என்றாள் சுகுணா. “கழுவி, நல்லா வேகவச்சு, மாட்டுக்குக் கொஞ்சங் கொஞ்சமா வைங்க. பச்சையா வச்சுராதீங்க, வயித்துக்கு ஆகாது. இந்த வெலையில இப்படிச் சாப்பாடு எந்த ஊரு மாடு தின்னுருக்கு?”

மழைக்கு ஆறு நாள் முன்பாக ஒன்பது வீட்டாரும் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்து முடித்தார்கள். ஐப்பசி மழை தவறாமல் பெய்தது. தையில் மாயகிருஷ்ணனின் களத்தில் உளுந்துச் செடி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

அதே தையில் சோயா மறுபடி ஏறியது.

பூவனநாதன் சொன்னதுதான் நடந்திருந்தது. ஆடி உச்சத்தைத் தொடவில்லை, ஆனால் புரட்டாசியைவிட நல்ல உயரம். பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது சுகுணா அவனைப் பார்த்து, “நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்றாள். முதல் வரிக்கு எதிரே ‘நடுவில் இறங்கியது, தப்பு’ என்று எழுதினாள். இரண்டாம் வரிக்கு எதிரே ‘ஏறியது, தப்பு’ என்று எழுதினாள். ஒரே பயிருக்கு இரண்டு தப்பு. மொத்தம் எட்டு.

பிண்ணாக்கு வாங்க வந்த ஜெயபாண்டி வாசலில் நின்று வாசித்தான்.

“அப்பம் நாங்க சோயா போட்டிருந்தா லாபந்தான், என்னக்கா?”

சுகுணா வாய் திறப்பதற்குள் தராசடியில் நின்ற மாயகிருஷ்ணன் திரும்பினார். “முளைச்சாத்தானலே லாபம்! நூத்துக்குப் பதினொண்ணு எண்ணினவன்தான நீ?”

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் விதை வாங்கினால், விதைப்பதற்கு முன் ஈரச் சாக்கில் நூறு எண்ணி வைக்காமல் இருந்ததில்லை. பலகைக்கு வரும் கூட்டம் குறையும் என்று பூவனநாதன் பயந்தது நடக்கவில்லை. இரண்டு தப்புகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். முன்பின் பார்த்திராத சம்சாரிகள் வந்து, சரியான வரிகளை விட்டுவிட்டு அந்த இரண்டு வரிகளையே தேடி வாசித்தார்கள். அவள் மட்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல் மதிய வெயிலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு மில் வாசலில் நிற்கும் டிரைவரிடம் எத்தனை நாள் காத்துக் கிடந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து, ஓர் ஆவணியில் அவள் எழுதும்போது எழுத்து சற்றுக் கோணியது. ‘மக்கா – குவிண்டால் 2400-க்கு மேல்.’ காரணத்தை எழுதுவதற்குள் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். புரட்டாசி முழுதும் திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்கும் அலைச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதும் மாரிசெல்வம் போன் செய்தால் பூவனநாதன் அவள் காதில் வைப்பான். ஐப்பசியில், நல்ல மழை நாளில், அவள் போய்விட்டாள். களத்துக்குப் பலகையைக் கொண்டுபோன அதே சாலையில், எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். காட்டில் களையெடுப்பு வேலை கிடந்தது. ஆனாலும் வந்தார்கள்.

தை முடிந்தது. மக்காச்சோளம் இரண்டாயிரத்து நூற்றைம்பதில் நின்றது. மூன்றாவது கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பூவனநாதன் அந்தப் பக்கம் பார்க்காமலே கடையைத் திறந்தான், மூடினான்.

மாசி முதல் வாரம் மாயகிருஷ்ணனும் ஜெயபாண்டியும் வந்தார்கள். பிண்ணாக்கு வாங்க வந்ததாகச் சொன்னார்கள். வாங்கிய பிறகும் போகவில்லை.

“அண்ணாச்சி,” என்று ஜெயபாண்டி தயங்கினான், “அந்தக் கட்டம்... கடைசி வரியில்லா. சரின்னே எழுதிருவமா? யாரு கேக்கப் போறா? அக்கா பேருல தப்பு நிக்க வேண்டாம்.”

பூவனநாதன் அவனைப் பார்த்தான். எட்டு முறை அந்தச் சொல்லை அவள் எழுதியபோது டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். பிரஷை ஒருநாளும் தொட்டதில்லை. உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தான். மூடி இறுகியிருந்தது. மாயகிருஷ்ணன் சாவியால் நெம்பித் திறந்து கொடுத்தார்.

‘2150’ என்று எழுதினான். அடுத்து ‘தப்பு’ என்று எழுதினான். அவள் எழுத்தைப்போல் வரவில்லை. சிறிதாக, ஒடுங்கிப்போய் விழுந்தது.

ஜெயபாண்டி சாலையின் அந்தப் பக்கம் நடந்துபோய், எதிரேயிருந்த பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தான். பிறகு அங்கிருந்தே சத்தம் போட்டான்.

“அண்ணாச்சி, இங்கன இருந்து வாசிக்க முடியலை. இன்னும் பெருசா எழுதுங்க.”